பெருஞ்சுவருக்கு ஒரே ஒரு நாள்: ஜின்ஷான்லிங் போகலாமா, முதியான்யூ போதுமா?

பெய்ஜிங் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஊரில் நாலைந்து நாள் இருப்போம், அதில் ஒரு நாள் சீனப் பெருஞ்சுவருக்கு. கூட்டம் இல்லாத பகுதி எது?" தேடிப் பார்த்தால் ஜின்ஷான்லிங், முதியான்யூ என்று சுவரின் ஐந்தாறு பகுதிகளின் பெயர்கள் வரும். மலை முகடு, வளைந்து போகும் சுவர், காலை வெயில் என்று படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் அங்கே போய் நின்று, "இவ்வளவு படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே" என்கிறார்கள்.

சீன அரசு 2012-ல் வெளியிட்ட கணக்கின்படி, எல்லாக் காலத்துச் சுவர்களையும் சேர்த்தால் நீளம் 21,196 கி.மீ. மிங் அரச வம்சத்துக் காலச் சுவர் மட்டும் 8,851 கி.மீ. பெய்ஜிங்கிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய பகுதிகள் பெரும்பாலும் மிங் காலத்தவை. அதனால் "எது பழமையானது" என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. எவ்வளவு பழுதுபார்த்திருக்கிறார்கள், எவ்வளவு தூரம், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் கூட வருகிறவர்களின் முழங்காலைப் பாருங்கள். சுவரின் மேல் நடப்பது மாடிப்படி ஏறுவது மாதிரி இல்லை. ஒரு படி ஒரு சாண் உயரம், அடுத்த படி முழங்கால் உயரம் இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அம்மா அப்பாவோடு போகிறீர்களா, நண்பர்களோடு போகிறீர்களா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது சாலையில் போகும் நேரம். 70 கி.மீ. தூரத்தில் இருக்கும் பகுதிக்கும் 130 கி.மீ. தூரத்தில் இருக்கும் பகுதிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அரை நாள். பெய்ஜிங்கை விட்டு வெளியே வரவே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது சென்னையில் தாம்பரம் தாண்டியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் பார்க்கப்போவது பழைய சுவரா, பழைய சுவரின் மேல் கட்டிய புதுச் சுவரா? 1950-களிலும் 80-களிலும் பழுதுபார்த்த பகுதிகளில் நீங்கள் தொடும் செங்கல்லில் பெரும்பகுதி புதிதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் நடக்கும் இடத்தில் இடிந்த படியை அப்படியே விட்டுவைக்க முடியாது. ஆனால் பழுதுபார்ப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு லியாவ்னிங் மாகாணத்தின் ஷியாவ்ஹெகோவ் பகுதி சாட்சி. அங்கே ஏறத்தாழ 8 கி.மீ. நீளத்துக்குச் சுவரின் மேற்பரப்பைச் சமமாகப் பூசி மூடிவிட்டார்கள். 2016-ல் அந்தப் படங்கள் வெளிவந்தபோது சீனாவிலேயே பெரிய கொந்தளிப்பு எழுந்தது. காட்டுப் பாதை நடைமேடையாக மாறியது போல இருந்தது அது. குறைந்தபட்சத் தலையீடு போதும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. பாதி பழுதுபார்த்து, மீதியை விழாமல் மட்டும் தாங்கிப் பிடித்திருக்கும் பகுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். அமைதியான பகுதிகளைத் தேடிப் போவதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம். கூட்டமின்மை அதற்குப் பிறகுதான்.

நான்காவது, சட்டம். பெருஞ்சுவரைப் பாதுகாக்கும் விதிமுறை 2006 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுலாவுக்குத் திறக்காத பகுதிகளில் கூட்டமாக நிகழ்ச்சி நடத்துவதை அது தடைசெய்கிறது. உள்ளூர் நிர்வாகங்கள் பல இடங்களில் தனி ஆட்கள் ஏறுவதையும் தடுக்கின்றன.

பணம் கடைசிதான். நுழைவுச் சீட்டு எங்குமே பெரிய தொகை இல்லை. போய்வரும் செலவுதான் பெரிது.

## பாடாலிங்

பெய்ஜிங்கின் வடமேற்கே, சுமார் 70 கி.மீ. பொதுமக்களுக்கு முதலில் திறந்த பகுதி இதுதான். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் நின்று படம் எடுத்துக்கொண்டதும் இங்கேதான். 2019 கடைசியிலிருந்து அதிவேக ரயில் ஓடுகிறது. நகரிலிருந்து அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அந்த ரயில் நிலையமே மலைக்கு அடியில் 102 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதுவும் பார்க்க வேண்டிய ஒன்று.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒரே எண் போதும். 2019-ல் நாளொன்றுக்கு 65,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வைத்த பிறகும் 65,000! சுவரைப் பார்த்தோம் என்று இருந்தால் போதும், மதியத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் பாடாலிங்கே சரி. மற்றவர்கள் அடுத்ததைப் பாருங்கள்.

## முதியான்யூ

வடகிழக்கே ஹுவாய்ரோவ் மாவட்டத்தில், இதுவும் 70 கி.மீ. சுற்றளவில்தான். 1569 வாக்கில் மிங் தளபதிகள் திருப்பிக் கட்டிய சுவர். 1980-களில் பழுதுபார்த்துத் திறந்தார்கள். இருபத்துச் சொச்சம் காவல் கோபுரங்கள், சுற்றிலும் அடர்ந்த மரங்கள். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது கண்கொள்ளாக் காட்சி. மதில் பற்கள் (சுவர் விளிம்பில் பல் வரிசை போல நிற்கும் தடுப்பு) இரண்டு பக்கமும் இருப்பது இந்தப் பகுதியின் விசேஷம். மற்ற இடங்களில் பெரும்பாலும் எதிரி வரும் பக்கம் மட்டும்தான் இருக்கும்.

பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு யோசிக்காமல் நான் சொல்லும் இடம் இதுதான். ரோப் கார் 14-ஆம் கோபுரத்தில் கொண்டுபோய் விடும். நாற்காலி லிஃப்ட்டில் போனால் 6-ஆம் கோபுரம். அங்கிருந்து கீழே வர சறுக்கு வண்டி உண்டு. பிள்ளைகள் சுவரை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ரோப் காரும், நாற்காலி லிஃப்ட் - சறுக்கு வண்டியும் வேறு வேறு நிறுவனங்களுடையவை. ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. ரோப் காரில் போக வர டிக்கெட் வாங்கிவிட்டு, 6-ஆம் கோபுரம் வரை நடந்து வந்து சறுக்கு வண்டியில் இறங்க ஆசைப்பட்டால் திரும்பவும் காசு கட்ட வேண்டும். ரோப் கார் டிக்கெட் ஒரு வழிக்கு 100 யுவான், போக வர 140 யுவான் என்ற அளவில் இருக்கும்; ஒரு யுவான் ஏறத்தாழ 12–13 இந்திய ரூபாய். நுழைவுச் சீட்டைவிட அதுதான் அதிகம். சறுக்கு வண்டிக்கு வயது வரம்பும் உண்டு, மழை பெய்தால் ஓடாது. அதனால் எப்படி ஏறி எப்படி இறங்குவது என்பதை டிக்கெட் கவுன்டருக்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பெய்ஜிங்கின் துங்சிமென் பஸ் நிலையத்தில் 916 விரைவு பஸ் ஏறி ஹுவாய்ரோவில் இறங்கி மாறுவார்கள். வழியில் யாராவது பரிவோடு வந்து, "முதியான்யூவா? இங்கேயே இறங்குங்கள்" என்று சொன்னால் இறங்காதீர்கள். பயணிகளை முன்கூட்டியே இறக்கித் தங்கள் காரில் ஏற்றிக்கொள்ளும் தந்திரம் அது.

முதியான்யூவிலும் அமைதி கிடைக்கும். காலையில் திறந்ததும் உள்ளே போய், 14-ஆம் கோபுரத்திலிருந்து எல்லோரும் போகும் திசையை விட்டு 20-ஆம் கோபுரத்தை நோக்கி ஏறுங்கள். கடைசி ஏற்றம் மூச்சு வாங்கும். அதனாலேயே அங்கே ஆள் குறைவு.

## சிமாதாய்

வடகிழக்கே மியுன் மாவட்டத்தில், சுமார் 120 கி.மீ. கத்தி முனை போன்ற மலை முகட்டில் சுவர் ஏறிப் போகும். 2010-ல் மூடி, 2014-ல் திரும்பத் திறந்தார்கள். அதற்குள் அடிவாரத்தில் கூபெய் நீர் நகரம் என்ற பெரிய விடுதி ஊர் முளைத்துவிட்டது. கால்வாய், கல் பாலம், கூரை வளைந்த வீடுகள் எல்லாம் உண்டு. பார்க்க அழகு. ஆனால் பழைய ஊரின் சாயலில் புதிதாகக் கட்டியது.

விளக்கு வெளிச்சத்தில் இரவில் சுவர் ஏற முடிவது இங்கே உள்ள தனிச்சிறப்பு. ஆனால் சுவருக்கு ஒரு டிக்கெட், நீர் நகரத்துக்கு வேறொரு டிக்கெட், ரோப் காருக்கு இன்னொன்று, முன்பதிவு வேறு. நடக்க விடும் தூரமும் குறைவு. கிழக்குப் பக்கம் 10-ஆம் கோபுரத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஓர் இரவு தங்கி, நல்ல ஹோட்டல், இரவு வெளிச்சம், கொஞ்சம் சுவர் என்று நினைக்கும் தம்பதிகளுக்கு இது பொருந்தும். சுவருக்காகவே போகிறவர்களுக்கு மனம் நிறையாது.

## ஜின்ஷான்லிங்

ஹெபெய் மாகாணத்தின் லுவான்பிங் வட்டாரத்தில், பெய்ஜிங்கிலிருந்து சுமார் 130 கி.மீ. காரில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். மொத்த நீளம் 10.5 கி.மீ., கோபுரங்கள் 67. எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதற்கான காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

இதைக் கட்டியவர் மிங் தளபதி சி ஜிகுவாங். தென் கடலோரத்தில் கடற்கொள்ளையரை அடக்கிப் பெயர் எடுத்தவர். 1560-களின் கடைசியில் அவரை வடக்கு எல்லைக்கு மாற்றினார்கள். வந்து பார்த்தபோது, வீரர்கள் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே குடைவான கோபுரங்களைக் கட்டினார். வீரர்கள் அதிலேயே தூங்கலாம், சமைக்கலாம், வெடிமருந்தும் தானியமும் சேர்த்து வைக்கலாம். சில ஆண்டுகளிலேயே எல்லை நெடுக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் எழுந்தன. அந்த யோசனையை அடுத்தடுத்து இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு விதமாகவும் பார்க்க ஜின்ஷான்லிங்தான் நல்ல இடம். ஒரு கோபுரத்துக்குள் கூரை வில்வளைவாக இருக்கும், அடுத்ததில் குவிமாடமாக இருக்கும், இன்னொன்றில் மரக்கூரை போய்விட்டு வெறும் வானம் தெரியும்.

கோபுரத்தை நெருங்கும் செங்குத்தான படிகளில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆள் போக மட்டும் வழி விட்டு, படிகளின் குறுக்கே ஒன்றன் மேல் ஒன்றாகக் குட்டைச் சுவர்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் சுடுவதற்குத் துளை உண்டு. எதிரி சுவர் மேலேயே ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு அது. ஒவ்வொரு குறுக்குச் சுவருக்குப் பின்னாலும் மறைந்து நின்று, படிப்படியாகப் பின்வாங்கிக் கோபுரம்வரை சண்டை போடலாம்.

அப்புறம் எழுத்துள்ள செங்கற்கள். சில இடங்களில் மதிலின் செங்கல்லில் வரிசையாக முத்திரை பதித்திருப்பார்கள். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு செய்தது என்று இருக்கும். வான்லி பேரரசரின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள், அதாவது 1577, 1578 என்று குறித்த செங்கற்களை இங்கே பார்க்கலாம். ஷான்தோங்கிலிருந்து வந்த படைப்பிரிவின் பெயரும் அவற்றில் உண்டு. செங்கல் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா! எழுத்து ஏற்கெனவே தேய்ந்து வருகிறது. விரலால் தடவாமல் பாருங்கள், பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் நன்றாகத் தெரியும்.

பழுதுபார்ப்பு 1980-களில் தொடங்கியது, ஆனால் முழு நீளத்துக்கும் போகவில்லை. வாசலுக்கு அருகில் இருக்கும் நடுப்பகுதி முழுசாக இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நடக்க நடக்க மதில் குட்டையாகும், பிறகு ஒரு பக்கம் இல்லாமல் போகும். தளச் செங்கல் விலகி உள்ளே நிரப்பிய கல்லும் மண்ணும் தெரியும், இடுக்குகளில் புல் முளைத்திருக்கும். சுவரை எப்படிக் கட்டினார்கள் என்பது அங்கேதான் புரிகிறது. இந்த இடிந்த பகுதியும் டிக்கெட் கொடுத்துத் திறந்து வைத்திருக்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதால் சட்டப் பிரச்சினை இல்லை. கிழக்கே ஐந்து ஜன்னல் உள்ள கோபுரம் வரை போய் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து சிமாதாய் வரை நடந்துவிடலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2010-க்குப் பிறகு அந்த வழி இல்லை.

இனி இதன் குறைகள். நிதானமாக நடந்தால் சுவர் மேல் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். போக வர ஐந்து மணி நேரம் சேர்த்தால் முழு நாளும் போய்விடும். மேலே கழிப்பறையை நம்ப முடியாது. நிழல் என்றால் கோபுரத்துக்குள் மட்டும்தான். ரோப் கார் உண்டு, காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் பருவ காலத்தில் 65 யுவான் அளவில்தான். ஆனால் பெய்ஜிங்கிலிருந்து நாள் வாடகைக்குக் கார் எடுத்தால் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகும். நாலு பேர் பகிர்ந்தால் சரி, தனியாகப் போகிறவருக்குக் கட்டாது. பெய்ஜிங்கின் வாங்ஜிங் மேற்கு மெட்ரோ நிலையத்துப் பக்கத்திலிருந்து லுவான்பிங் போகும் பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியில் போனால், இறங்கும்போதே திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி போய்விட்டால் கார்க்காரர் சொன்னதுதான் விலை.

## ஜியான்கோவ், கூபெய்கோவ்

ஜியான்கோவின் படங்கள் யாரையும் இழுக்கும். வெள்ளைப் பாறை, செங்குத்தான முகடு, மரம் முளைத்த கோபுரங்கள். முதியான்யூவின் கடைசிக் கோபுரத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். ஆனால் அது சுற்றுலாவுக்குத் திறந்த பகுதி இல்லை. மின்னல் தாக்கியும் தவறி விழுந்தும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நாம் மிதிக்கும் ஒவ்வொரு தளர்ந்த கல்லும் சுவருக்கும் சேதம்தான். "எல்லோரும் போகிறார்களே" என்று வழிகாட்டிகள் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கூபெய்கோவ் வேறு வகை. பழுதே பார்க்காத சுவர், 1933-ல் ஜப்பானியப் படையோடு கடும் சண்டை நடந்த இடம். போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், இடிபாட்டில் நடந்து பழகியவர்கள் போகலாம். முதல் தடவை சுவர் பார்க்கிறவர்களுக்கு உகந்ததில்லை.

## ஒரே பார்வையில்

| பகுதி | தூரம் (சுமார்) | பழுதுபார்ப்பு | கூட்டம் | முழங்காலுக்கு | தேவைப்படும் நேரம் |
|---|---|---|---|---|---|
| பாடாலிங் | 70 கி.மீ. | முழுமை | மிக அதிகம் | எளிது | அரை நாள் |
| முதியான்யூ | 70 கி.மீ. | முழுமை | மிதம் முதல் அதிகம் | எளிது முதல் நடுத்தரம் | முக்கால் நாள் |
| சிமாதாய் | 120 கி.மீ. | குறைவு | மிதம் | செங்குத்து | ஒரு நாளும் இரவும் |
| ஜின்ஷான்லிங் | 130 கி.மீ. | பாதி | குறைவு | கடினம் | முழு நாள் |
| ஜியான்கோவ் | 70–80 கி.மீ. | பெரும்பாலும் இல்லை | – | ஆபத்து | தவிர்க்கவும் |

## எங்கே போனாலும் வரும் செலவும் சிக்கலும்

விசா முதலில். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்கள் விசாவுக்கு ஆகும் பணத்தையும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவர் டிக்கெட்டுகள் பெயர் பதிந்து கொடுப்பவை. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பணம் கட்டும் கைபேசிச் செயலிகளான அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் கார்டை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். மலையடிவாரத்துத் தண்ணீர் பாட்டில் கடைவரை எல்லாமே கியூஆர் குறியீட்டில்தான் ஓடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மதிய உணவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஜின்ஷான்லிங்கின் அடிவாரத்தில் இரவு தங்கி விடியற்காலையில் ஏற நினைத்தால், வெளிநாட்டவரைப் பதிவு செய்து ஏற்பார்களா என்று விடுதியில் முன்பே கேட்டுவிடுங்கள். சிறிய விடுதிகள் சில தயங்கும். அப்படித் தங்க முடிந்தால், பயணக் களைப்பு என்ற பெரிய குறை போய்விடும். காலை முதல் ஒளியில் சுவர் முழுக்க உங்களுக்கே.

மாதத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் மத்தியில் ஜின்ஷான்லிங் சரிவுகளில் காட்டு ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை வானம் தெளிவு. அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை. மே முதல் வார விடுமுறையும் அதே கதைதான். அந்த நாட்களில் அமைதியான பகுதி என்று எதுவும் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் இடிமழை வரும், முகட்டில் நிற்கும்போது வந்தால் கோபுரத்துக்குள்ளும் பயம்தான். ஜனவரியில் பனி படிந்த சுவர் அழகு, ஆனால் படிகளில் உறைபனி இருக்கும். நம் ஊர் ஸ்வெட்டர் அதற்குப் போதாது.

## என் தேர்வு

அறுபது கடந்தவர்களோ பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளோ கூட இருந்தால் முதியான்யூ. காலையில் முதல் ஆட்களாகப் போங்கள், போதும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் ரயிலில் பாடாலிங். சுவரையே பார்க்க வந்திருக்கிறீர்கள், கால் நன்றாக இருக்கிறது, முழு நாள் ஒதுக்க முடியும் என்றால் ஜின்ஷான்லிங்கை விட்டுவிட்டு வேறெங்கும் போகாதீர்கள்.

குழுவில் பாதிப் பேர் நடப்பார்கள், பாதிப் பேர் முடியாது என்றாலும் ஜின்ஷான்லிங் சமாளிக்கக்கூடியதுதான். ரோப் காரில் எல்லோரும் மேலே போகலாம். முடியாதவர்கள் பழுதுபார்த்த நடுப்பகுதியில் இரண்டு மூன்று கோபுரங்களோடு நின்றுகொள்ளட்டும், மற்றவர்கள் கிழக்கே நடக்கட்டும். ஆனால் இறங்கும் வாசல் வேறு என்பதால், யார் எந்த வாசலில் எத்தனை மணிக்கு நிற்பது என்பதைப் பிரியும் முன்பே பேசி, ஓட்டுநரிடமும் சொல்லிவிடுங்கள்.